வெண்ணெய் விரல்கள்

"திட்டுறப்ப மட்டும் ஏம்மா இங்கிலீஷுக்குப் போயிடுற?" என்று சின்ன வயதில் மகள் ஒருநாள் கேட்டாள். அப்போதுதான் அவளை 'லேசி போன்ஸ்' என்று தட்டி எழுப்பியிருந்தாள் அம்மா.

"வேலை பண்ற இடத்துல ஒட்டிக்கிச்சுடி."

ஒட்டவைத்தவள் பெரியக்கா. அம்மா வேலை பார்த்த விடுதியின் சலவைக்கூடத்தில் இஸ்திரிப் பிரிவுக்கு அவள்தான் தலை. அங்கே தாய்மொழியில் யாரையும் திட்டக் கூடாது. "நம்ம பாஷையில திட்டினா நெஞ்சுல போய் உக்காந்துக்கும். இது தட்டிவிட்டா விழுந்துடும்," என்பாள். துணியை நழுவவிட்டால் 'பட்டர் ஃபிங்கர்ஸ்'. விரலெல்லாம் வெண்ணெயாம். மறதிக்காரிகள் எல்லாரும் 'சில்லி கூஸ்', அசட்டு வாத்துகள். வாயாடிகள் 'சாட்டர்பாக்ஸ்'.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இவள் ஒரு விருந்தாளியின் வெள்ளைச் சட்டையைத் தீய்த்துவிட்டாள். மானேஜர் குதித்துக்கொண்டு வந்தார். வேலை போச்சு என்றே இவள் நினைத்தாள். பெரியக்கா முந்திக்கொண்டாள்.

"நான்தான் சார். சில்லி கூஸ் மாதிரி பெட்டியை வச்சிட்டுப் போயிட்டேன்."

தண்டனையாக, ஜன்னலோர மேஜையிலிருந்து கொதிகலன் பக்கத்து மூலைக்கு அவளை மாற்றினார்கள். ஜன்னலோரம் இவளுக்கு வந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று இவள் துடித்தாள்.

"வாயைத் திறந்தே, 'சாட்டர்பாக்ஸ்'னு பேர் வச்சிடுவேன். பொண்ணு இருக்காடி உனக்கு. போய் வேலையைப் பாரு."

வருஷங்கள் ஓடின. பெரியக்காவுக்குக் கண் மங்கியது. விரிப்புகளின் ஓரச் சுருக்கம் தப்பிப்போனது. அவளுக்கு வீட்டில் யாருமில்லை, சலவைக்கூடம்தான் வீடு. ஒருநாள் மானேஜர் வந்து, "புகார் வருதும்மா. இன்னைக்கு நீங்க கட்டின விரிப்புக் கட்டை நாளைக்கு நானே பிரிச்சுப் பாக்குறேன். சரியில்லைன்னா, நீங்க ஓய்வெடுக்க வேண்டியதுதான்," என்றார்.

அன்று மாலை இவள் கையிலிருந்து தலையணை உறை விழுந்தது. பெரியக்கா பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் இவள் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் விடிந்ததும், யாரும் வருமுன் இவள் வந்தாள். கண்மூடி ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு பெரியக்காவின் கட்டை அவிழ்த்து, ஒவ்வொரு விரிப்பின் ஓரத்தையும் நீவித் தேய்த்தாள். ஜன்னலோரத்தில் அல்ல, கொதிகலன் பக்கத்து மூலையிலேயே நின்று தேய்த்தாள். வியர்வை துணியில் சொட்டாமல் தோளில் துடைத்துக்கொண்டாள். அக்கா அடுக்கியபடியே அடுக்கி, அக்கா போடும் அதே முடிச்சைப் போட்டாள். எடுத்து வைக்கும்போது கட்டு நழுவியது. முழங்காலை முட்டுக்கொடுத்துப் பிடித்துவிட்டாள்.

சுற்றிலும் பார்த்தாள். மேலே இருப்பவனைத் தவிர ஒருவரும் இல்லை.

"பட்டர் ஃபிங்கர்ஸ்," என்று பெரியக்காவின் குரலில் தன்னைத்தானே திட்டிக்கொண்டு, கட்டை அதன் இடத்தில் வைத்தாள்.