நல்ல காலைக் குறைத்தல்

துணி வெட்டும் மேசைமுன் அவள் நிற்கத் தொடங்கிப் பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஐம்பது அடுக்குத் துணியை விரித்து, மேலே அளவு அட்டையை வைத்துச் சுண்ணக்கட்டியால் கோடிழுத்து, இரும்பு வளையங்களாலான கையுறை மாட்டிய இடக்கையால் துணியை அழுத்திக்கொண்டு, வலக்கையால் வெட்டு இயந்திரத்தைத் தள்ளிச் செல்ல வேண்டும். கை ஓரிழை பிசகினால் ஐம்பது சட்டைகள் பாழ். தொழிற்சாலையில் எல்லாரும் அவளை மாஸ்டர் என்பார்கள். வீட்டிலோ, முப்பத்தெட்டு வயதாகியும், அவள் பாப்பாதான்.

இத்தனை ஆண்டுகளில் அவள் கை பிசகியதில்லை. ஓய்ந்துபோனது காலும் இடுப்பும்தான். வலது கால் இடது காலைவிட நான்கு சென்டிமீட்டர் குட்டை. மேசைக்கடியில் வலது பாதத்துக்கென்றே ஒரு பலகைத் துண்டு கிடக்கும். நடப்பதற்கு, அடிப்பாகம் உயர்த்திய ஷூ. பலகையும் ஷூவும் தாங்கியது போக மிச்சத்தை இடுப்பு தாங்கியது. மாலையில் வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் முதலில் தேடுவது தண்ணீரை அல்ல, சுவரை. முதுகைச் சாய்த்து, கண்களை மூடிக்கொண்டு, மனத்துக்குள் நூறு எண்ணும்வரை அப்படியே நிற்பாள். அதற்குப் பிறகுதான் யாரும் அவளோடு பேச முடியும்.

கால் குட்டையானது எப்படி என்பது அந்த வீட்டில் யாரும் பேசாத, யாரும் மறக்காத செய்தி. பதினொரு வயதில் அண்ணனின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனாள். அண்ணனுக்கு அப்போது பதினாறு. சரிவில் பிரேக் பிடிக்கவில்லை. சைக்கிள் சுவரில் மோதியது. முழங்காலுக்குச் சற்று மேலே அவளுடைய வலது தொடை எலும்பு முறிந்தது. முறிவு கூடிவிட்டது. ஆனால், எலும்பு வளரவேண்டிய இடத்திலேயே அடிபட்டிருந்ததால், இடது கால் தன் பாட்டுக்கு வளர, வலது கால் பின்தங்கிவிட்டது.

அண்ணனுக்கு மின்சார மீட்டர் கணக்கெடுக்கும் வேலை. உடன் வேலை பார்ப்பவர்கள் பைக்கில் பறக்க, அவர் மட்டும் தெருத்தெருவாக நடப்பார். அந்தச் சரிவுக்குப் பிறகு இரண்டு சக்கர வண்டி எதிலும் அவர் ஏறியதில்லை. அலுவலகத்தில் அவருக்கு ‘நடராஜா சர்வீஸ்’ என்று பட்டம். கேட்டுச் சிரித்துக்கொள்வாரே தவிர, காரணம் சொல்லமாட்டார். ஞாயிறுதோறும் தங்கையின் வலது ஷூவை மடியில் வைத்துக்கொண்டு, உயர்த்திய அடிப்பாகம் தேய்ந்திருக்கிறதா என்று விரல்நுனியால் தடவிப் பார்ப்பார். இம்மி தேய்ந்திருந்தாலும் செருப்புத் தைப்பவரிடம் எடுத்துக்கொண்டு ஓடுவார். தங்கை நிற்கும் இடத்தில் அவர் உட்கார்ந்ததே இல்லை. வரிசையானாலும் பேருந்தானாலும், பக்கத்தில் காலி இருக்கை இருந்தாலும், நின்றுகொண்டே வருவார். முதலில் அது அவளுக்கு ஆறுதலாக இருந்தது, பிறகு பழகிப்போயிற்று. இப்போதோ, இடுப்பு வலியோடு ஒட்டிப் பிறந்த இன்னொரு வலியாக ஆகிவிட்டிருந்தது.

எலும்பு மருத்துவர் அவளுக்கு இரண்டு வழிகள் சொன்னார். குட்டைக் காலை நீட்டலாம். அதற்கு எலும்பை அறுத்து, தொடையைச் சுற்றி இரும்புச் சட்டம் பூட்டி, நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டராகத் திருகித் திருகி இழுக்க வேண்டும். முழுதும் தேற ஏறக்குறைய ஓராண்டு ஆகும். முன்பே அடிபட்ட முழங்கால் அதன்பின் சரியாக மடங்காமலும் போகலாம். இல்லையென்றால், நல்ல காலைக் குறைக்கலாம். இடது தொடை எலும்பின் நடுவில் நான்கு சென்டிமீட்டர் துண்டை எடுத்துவிட்டு, இரு முனைகளையும் சேர்த்து, உள்ளே ஒரு கம்பியைச் செலுத்திவிடுவார்கள். இரண்டு மாதம் ஊன்றுகோல். மூன்றாம் மாத முடிவில் மேசைமுன் நிற்கலாம். உயரம் நான்கு சென்டிமீட்டர் குறையும், அவ்வளவுதான். தம்மைக் கேட்டால் இரண்டாவதே நல்லது என்றார் மருத்துவர்.

அவள் யோசிக்க நேரம் கேட்கவில்லை. அன்று மாலையே வீட்டில் சொல்லிவிட்டாள்.

குள்ளமான அண்ணிக்கு அது பெரிய சங்கதியாகத் தோன்றவில்லை. “குறைஞ்சா குறையட்டும். அப்பவும் நீ என்னைவிட ஒரு சாண் உசரம்தான். பரண்ல இருக்கிற பாத்திரத்தை எடுக்க உன்னைத்தான் கூப்பிடுவேன், தப்பிச்சுட்டோம்னு நினைக்காத” என்றாள். தொழிற்சாலையிலும் கேலிக்குப் பஞ்சமில்லை. துணி பற்றாவிட்டால் தங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மாஸ்டர் தம் காலிலேயா கை வைப்பது என்று அடுக்கு விரிக்கும் பெண்கள் கேட்டார்கள்.

அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. நல்ல காலை எதற்கு வெட்டவேண்டும் என்ற ஒரே கேள்வியை வாரக்கணக்கில் வெவ்வேறு விதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். குட்டைக் காலை நீட்டினால், தாமே ஒரு வருடம் விடுப்புப் போட்டுவிட்டு, நாள்தோறும் அந்தத் திருகைத் திருகிவிடுவதாகச் சொன்னார். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் முன் அவள் பொறுமையிழந்தாள்.

“சட்டையில ஒரு கையைக் குட்டையா வெட்டிட்டா, இழுத்து நீட்ட முடியாதுண்ணா. தையல் விட்டுடும். நீளமா இருக்கிற கையைக் குறைச்சாத்தான் போட்டுக்க முடியும்.”

“உன் கால் துணி இல்ல, பாப்பா.”

“துணியா இருந்திருந்தா எப்பவோ வெட்டியிருப்பேன்.”

அதற்குப்பின் அண்ணன் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. சம்மதம் என்று சொல்லவுமில்லை. பெரிய ஆர்டர் ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு இடையில், ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே வாய்க்கும் மூன்று மாத மந்த காலத்தில் அவளுக்கு விடுப்புக் கிடைத்தது. அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தார்கள். குறித்த நாளின் காலையில் அண்ணன்தான் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

அந்த மருத்துவமனையில் ஒரு விதி இருந்தது. எந்தக் காலில் அறுவை சிகிச்சை என்று நோயாளியைத் தனியாகவும், உடன் வந்த உறவினரைத் தனியாகவும் கேட்டு, இரண்டு பதில்களையும் ஒரே படிவத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். இரண்டும் ஒத்துப்போனால்தான் காலில் மையால் அம்புக்குறி போடுவார்கள். அவள் படுக்கைக்கு வந்ததும் தன் பதிலைச் சொல்லிக் கையெழுத்திட்டாள். ஷூக்களைக் கழற்றி அண்ணனிடம் கொடுத்தாள். பிறகு கடைசியாக ஓர் எக்ஸ்ரே எடுக்க அவளைச் சக்கர நாற்காலியில் அழைத்துச் சென்றார்கள். அவள் போயிருந்த நேரத்தில் நர்ஸ் அண்ணனைக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது, மைப்பேனாவோடு நின்றிருந்த நர்ஸ் படிவத்தை ஒருமுறை பார்த்தாள், அவள் முகத்தை ஒருமுறை பார்த்தாள்.

“எந்தக் கால்னு இன்னொரு தடவை சொல்லுங்க.”

“இடது கால், சிஸ்டர். நல்ல கால்.”

நர்ஸ் பேனாவை மூடிவிட்டாள். படிவத்தில் நோயாளியின் கட்டத்தில் ‘இடது’ என்றும், உறவினரின் கட்டத்தில் ‘வலது’ என்றும் எழுதியிருந்தது. ‘வலது’ என்பதன் கீழே, மீட்டர் எண்களை எழுதி எழுதி மணிமணியாக ஆகிவிட்ட எழுத்தில், அண்ணனின் கையெழுத்து.

மருத்துவர் வந்தார். கோபிக்கவில்லை, ஆனால் இளகவுமில்லை. ஆளுக்கொரு காலைச் சொல்லும் காகிதத்தை வைத்துக்கொண்டு தாம் கத்தியைத் தொடுவதற்கில்லை என்றார். அடுத்தவர்களை முதலில் முடித்துவிடுவதாகவும், பன்னிரண்டு மணிக்குள் இருவரும் ஒரே பதிலைச் சொன்னால் கடைசியாக அவளை எடுத்துக்கொள்வதாகவும், இல்லாவிட்டால் இனி மூன்று மாதம் கழித்துத்தான் தேதி தர முடியும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று மாதம் கழித்துத் தேதி கிடைத்து என்ன பயன்? அப்போது தொழிற்சாலையில் அடுக்குமேல் அடுக்காகத் துணி வந்து குவிந்திருக்கும். விடுப்பு என்று வாயெடுக்க முடியாது. இன்னும் ஓராண்டு மேசைமுன் நிற்கவேண்டும். இன்னும் ஓராண்டு, மாலைதோறும், சுவரும் நூறும். அவளுக்கு அழுகை வரவில்லை. அழுவதற்குக்கூடத் தெம்பு வேண்டியிருக்கிறது.

வெட்டுக் கூடத்தில் நிகழும் ஒரு தவறு அவள் நினைவுக்கு வந்தது. சட்டைக்கு இரு கைகள். ஒரு கைக்குக் கோடு போட்ட அதே அட்டையைக் குப்புறத் திருப்பிப் போட்டால்தான் மறு கைக்குக் கோடு கிடைக்கும். திருப்ப மறந்தால் இரண்டு வலது கைகள் விழுந்துவிடும். புதிதாக வந்தவர்கள் மட்டுமே அப்படிச் செய்வார்கள் என்றில்லை. பழகிய கையும் அசதியில் செய்யும். ஒரே வடிவத்தைப் பார்த்துப் பார்த்து, மறுபக்கம் ஒன்று இருப்பதே அதற்கு மறந்துவிடும். அண்ணன் செய்தது அந்தத் தவறா, வேறா? அவளுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. தன்னை வெளியே அழைத்துப்போகும்படி நர்ஸைக் கேட்டாள்.

நடைகூடத்தில் மூன்று நாற்காலிகள் வரிசையாகக் காலியாக இருந்தன. அவற்றின் பக்கத்தில் அண்ணன் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். இரண்டு கைகளிலும் அவளுடைய ஷூக்கள். நர்ஸ் சக்கர நாற்காலியை நிறுத்திவிட்டுச் சற்றுத் தள்ளிப் போய் நின்றாள்.

“வேணும்னு சொன்னியா, வாய் தவறிச் சொன்னியா?”

வலது ஷூவின் அடிப்பாகத்தை அண்ணனின் கட்டைவிரல் தானாகத் தடவிக்கொண்டிருந்தது.

“எந்தக் கால்னு கேட்டாங்க. வாய் வலதுன்னு சொல்லிடுச்சு. இருபத்தேழு வருஷமா உன் கால்னா எனக்கு அந்தக் கால்தான்.” நிறுத்தினார். “கையெழுத்துப் போடுறப்பவே தப்புன்னு தெரிஞ்சிடுச்சு. திருத்தியிருக்கலாம். திருத்தல.”

அவள் காத்திருந்தாள். அண்ணன் பொய் சொல்லும் மனிதர் அல்லர்; உண்மையை முழுதாகச் சொல்லவும் அவருக்கு நேரம் பிடிக்கும்.

“அந்த ஒரு காலையாவது நான் கெடுக்கலன்னு இருந்தேன், பாப்பா. இப்ப அதையும் வெட்டச் சொல்லி நானே கையெழுத்துப் போடணும்.”

நடைகூடத்தின் கோடியில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிச் சென்றார்கள். சைக்கிளில் ஏறிக்கொள்ள அடம்பிடித்தது தானே என்று அவள் நூறு முறை சொல்லியிருக்கிறாள். நூறு முறையும் அது அவர் காதில் ஏறியதில்லை. அதை நூற்றோராவது முறை சொல்ல அவளுக்கு மனமில்லை.

“உனக்கு ஒடைஞ்ச காலைச் சரிபண்ணணும். எனக்கு அது வேணாம்ணா. எனக்கு நேரா நிக்கணும், அவ்வளவுதான். எந்தக் காலை வெட்டினா என்ன?”

“வலிக்குமே.”

“இப்ப மட்டும் என்ன பண்ணுதாம்?” என்றாள். பிறகு, குரலைத் தாழ்த்தி, “நான் அசந்துபோயிட்டேன். என் காலையும் சுமந்துக்கிட்டு, நீ என் பக்கத்துல நிக்கிற நிப்பையும் சுமக்க முடியல” என்றாள்.

அண்ணன் தலைகுனிந்தார். நரைத்துப்போன உச்சி அவளுக்குத் தெரிந்தது. இத்தனை நரை எப்போது வந்தது என்று அவள் கவனித்திருக்கவில்லை. ஒருவர் எப்போதும் நின்றுகொண்டே இருந்தால், உட்கார்ந்திருப்பவருக்கு அவருடைய உச்சி எங்கே தெரியப்போகிறது?

குனிந்தபடியே அவர் கேட்டார்: “ரெண்டும் சமமாயிட்டா, ஞாயித்துக்கிழமை நான் என்ன பண்றது?”

விளையாட்டாகக் கேட்பதைப்போல் கேட்டார். ஆனால் அது விளையாட்டில்லை.

“தூங்கு. நானும் தூங்குறேன்.”

பதினொன்றே முக்காலுக்கு நர்ஸ் புதிய படிவம் கொண்டுவந்தாள். இந்த முறை வாயால் சொன்னால் போதாது, காலைத் தொட்டுக் காட்டவேண்டும் என்றாள். அவள் முதலில் தன் இடது தொடையைத் தொட்டாள். அண்ணன் ஷூக்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்தார். அந்தக் காலை அவர் தொட்டதே இல்லை. இருபத்தேழு ஆண்டுகளாக எண்ணெய் தேய்த்ததும், ஒத்தடம் கொடுத்ததும், கட்டுப் போட்டதும் மற்றக் காலுக்குத்தான். விரல் நுனிகளை மட்டும் இடது முழங்காலின்மேல் வைத்து, “இது. இடது” என்றார். சந்தேகத்துக்கு இடம் வைக்கக்கூடாது என்று நர்ஸ் மறுபடியும் கேட்டாள். இந்த முறை முழு உள்ளங்கையையும் வைத்து, “இடது” என்றார்.

கையெழுத்துப் போட்டார். எழுத்து மணிமணியாக இல்லை.

நர்ஸ் நீல மையால் தொடையில் அம்புக்குறி வரைந்தாள். கோடு சற்றுக் கோணல். கட்டிங் மாஸ்டரின் கண்ணுக்கு அது பட்டது. வேறொரு நாளாயிருந்தால் அழித்துவிட்டு மறுபடியும் போடச் சொல்லியிருப்பாள். இன்று விட்டுவிட்டாள்.

தள்ளுபடுக்கையில் படுக்கவைத்து அவளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அறுவை அரங்கின் கதவருகே படுக்கை ஒரு கணம் நின்றபோது, தலையைத் திருப்பிப் பார்த்தாள். மூன்று நாற்காலிகளில் நடுநாற்காலியில், நுனியில், உட்கார்ந்து பழக்கமில்லாதவரைப்போல், அண்ணன் உட்கார்ந்திருந்தார். மடியில் ஷூக்கள் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்று உயரம், ஒன்று குட்டை. அவர் அவற்றைத் தடவவில்லை. கைகள் இரண்டும் நாற்காலியின் பக்கங்களில் தொங்கிக்கொண்டிருந்தன.