அக்கா வரைந்த மரங்கள்

லிஃப்ட் மெக்கானிக் வேலை பார்த்த தம்பிக்கு, சின்ன வயதில் விளையாடிய ஒரு கம்ப்யூட்டர் கேம் மேல் தீராத பைத்தியம். கடைகளில் கிடைக்காமலே போன அந்த கேமை நாலு வருடம் பாடுபட்டுப் புதிதாகச் செய்து இணையத்தில் இலவசமாக விட்டான். பதினோராம் நாள் பழைய கம்பெனியின் வக்கீல் நோட்டீஸ் வந்தது. கதையும் பாத்திரங்களும் எங்கள் உரிமை, ஒரு வாரத்தில் எடுத்துவிடு என்றது.

கொதித்துப்போய் இணையத்தில் எழுதினான். ஆதரவு குவிந்தது. ஒரு பத்திரிகை பேட்டியும் எடுத்தது. ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேசையில் அக்கா மகள் அதை உரக்க வாசித்தாள்.

"'ஒவ்வொரு மரமும், ஒவ்வொரு சுவரும் நானே உட்கார்ந்து வரைஞ்சது. அடுத்தவன் உழைப்பை இப்படியா பறிக்கிறது?'" என்றவள் நிமிர்ந்தாள். "மாமா, மரமெல்லாம் அம்மா வரைஞ்சதுதானே?"

தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. அக்கா பல்செட் செய்யும் லேபில் வேலை பார்ப்பவள். மதிய இடைவேளைகளில், பிளாஸ்டர் தூசி படிந்த விரல்களோடு முந்நூறு படம் வரைந்து தந்திருந்தாள். "என் பேரு வருமாடா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். "அப்புறம் போடறேன்க்கா" என்றவன் மறந்துபோனான். மறந்துபோனான் என்பதுகூடப் பொய். கேம் முடிவில் தன் பெயர் தனியாக வருவது அவனுக்குப் பிடித்திருந்தது.

"அது... பத்திரிகைக்காரங்க மாத்தி எழுதிட்டாங்க" என்று மென்று விழுங்கினான்.

"சரி, சாப்பிடு. ஆறிடப்போகுது" என்றாள் அக்கா, அவன் முகத்தைப் பார்க்காமல்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை. தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போய் கேமை இணையத்திலிருந்து எடுத்தான். அது இருந்த இணையப் பக்கத்தில், படங்கள் அத்தனையும் அக்கா வரைந்தவை, பேட்டியில் தான் சொன்னது பொய் என்று எழுதினான். பத்திரிகைக்கும் அதையே அனுப்பிவிட்டு, போனை அக்காவிடம் நீட்டினான்.

அவள் இரண்டு தடவை படித்தாள்.

"இப்பப் போட்டு என்னடா? பாக்கறதுக்கு அங்க ஒண்ணுமே இல்லையே."

அவன் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

"தாள்ல வரைஞ்சதெல்லாம் எங்க வச்சிருக்க?"

"என் அலமாரியில."

"எடுத்துட்டு வா. என்னோடது என்கிட்ட இருக்கட்டும்."

கொண்டுவந்து கொடுத்தான். அக்கா மேசையைத் துடைத்துவிட்டு ஒவ்வொன்றாக எண்ணி அடுக்கத் தொடங்கினாள். அவன் கூனிக்குறுகிப் பக்கத்திலேயே நின்றான். அவள் உட்காரச் சொல்லவில்லை.