கனி தையலகத்துக்குப் போகும் வழி

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. கத்திச் சொல்ல எனக்குத் தொண்டை இல்லை.

கோவில்பட்டியில் ஒரு கடையின் வெப்சைட் பெயரை இன்னொரு கடைக்குத் திருப்பி விட்டால், நடந்து போகிற ஆட்களும் அங்கேதான் போய்ச் சேருவார்கள். சண்முகக்கனிக்கு அப்படித்தான் ஆனது. ஜாக்கெட் தைத்து இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறவள். 'கனி தையலகம்' என்ற பெயரை நெட்டில் பதிந்து கொடுத்தது கொழுந்தன் வேலாண்டி. வீட்டு ஆள்தானே என்று அவன் பெயரிலேயே பதிய விட்டுவிட்டாள். பிறகு அவனும் ஒரு தையல் கடை போட்டான். போட்ட அன்றே அந்தப் பெயரைத் தன் கடைக்குத் திருப்பி விட்டான்.

முகூர்த்த மாதம். பெண்கள் அளவு ஜாக்கெட்டோடு கனியின் தெருவுக்குள் திரும்புவார்கள்; வேலாண்டியின் கடைப் படியில் காலை வைப்பார்கள். "வந்தது வந்துட்டோம், இங்கயே கொடுப்போம்" என்று கொடுத்துவிட்டுப் போவார்கள். கனியின் மெஷின் சும்மா கிடந்தது. அடுப்பும் அப்படித்தான்.

சந்தையில் வேலாண்டியைப் பிடித்துக் கேட்டாள். "வழி அப்படிப் போகுது மதினி, நான் என்ன செய்ய?" என்றான்.

கனி சண்டைக்குப் போகவில்லை. சின்னவளுக்குக் காதுகுத்து, கனி தையலகத்தில் வைத்துத்தான் என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டாள். தாய்மாமன் சீர்த்தட்டும் மேளமுமாகப் புறப்பட்டார். எல்லாரும் வேலாண்டியின் கடையில் போய் இறங்கினார்கள். சீர் இறங்கின இடத்தில்தான் இலை போட வேண்டும். வேலாண்டி போட்டான்.

"பிள்ளை எங்க மாப்பிள்ளே?" என்றார் தாய்மாமன்.

"வரும்."

பிள்ளை வரவில்லை. காது குத்தாமல் எழுந்து போனால் மாமனுக்கு மரியாதை இல்லை. துணி வெட்டுகிற மேஜையிலேயே படுத்துக்கொண்டார். காலையில் காபி கேட்டார். மத்தியானம், "குழம்பு நேத்து மாதிரி இல்லையே" என்றார்.

வேலாண்டி மதினியைக் கெஞ்சக் கிளம்பினான். கனி தையலகத்துக்கென்று நடந்தவன் தன் கடைக்கே வந்து சேர்ந்தான்.

"அதுக்குள்ள வந்துட்டீகளே, அப்பளம் வாங்கலையா?" என்றார் மாமன்.

மாமனின் போனை வாங்கிக் கனி தையலகத்துக்குப் போட்டான், அவன் சட்டைப்பையிலேயே மணி அடித்தது. திருப்பி விட்டதை எடுத்த பிறகுதான் அவனால் கனியின் வாசலுக்கு வர முடிந்தது.

"பிள்ளையை அனுப்புங்க மதினி, கும்பிடுறேன்."

"அதுக்கென்ன, அனுப்புறேன். முதல்ல கடைப் பேரை என் பேருக்கு மாத்துங்க."

நின்றபடியே போனில் மாற்றிக் கொடுத்தான். பிள்ளைக்குக் காது குத்தினார்கள்.

மறுநாளிலிருந்து கனிக்கு மூச்சுவிட நேரமில்லாமல் துணி குவிந்தது. மத்தியானம் கொஞ்சம் கண்ணை மூடினால் தேவலை என்றிருந்தது. அதனால் சாப்பிட்டுப் படுக்கும்முன் கடைப் பெயரைத் திருச்செந்தூர்க் கடலுக்குத் திருப்பி விட்டாள். எழுந்ததும் எடுத்துவிட்டாள். அளவு ஜாக்கெட்டைத் தலைக்கு மேல் பிடித்தபடி, இடுப்புவரை நனைந்த பெண்கள் ஒவ்வொருத்தராக வந்தார்கள்.

கனி வாசலில் ஒரு சாக்கை விரித்து, "மண்ணைத் தட்டிட்டு வாங்க" என்றாள்.