கண்டனத் தீர்மானத்தில் ஒரு திருத்தம்

1

செய்தியில் ஒரு வரி கேட்டேன்: "உறுப்பினர் மீதான தாக்குதலை அவை வன்மையாகக் கண்டித்தது." அடிபட்ட அந்த உறுப்பினர் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்று யாரும் சொல்லவில்லை. அந்த எரிச்சலில் பிறந்ததுதான் இந்தக் கதை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மன்றத்தின் நெடிய தூண்களில் வெயில் சாய்ந்து'

வேண்டாம். எலும்பு முறிந்தது தூணுக்கு இல்லை.

2

அவள் பல் மருத்துவர். மக்கள் இரண்டாம் முறையாகத் தேர்ந்தெடுத்த சட்டமன்ற உறுப்பினரும்கூட. அவை இல்லாத நாட்களில் கிளினிக்கைத் திறந்துவிடுவாள். கடைவாய்ப் பல் வலி என்று ஒருவன் வந்து நாற்காலியில் சாய்ந்தான்.

"நல்லா வாயத் தொறங்க" என்று குனிந்தாள்.

சட்டைக்குள்ளிருந்து இரும்புக் குழாய் வந்தது. "இனிமே எங்க கட்சியப் பாத்துக் கை நீட்டிப் பேசுவியா?"

வலது மணிக்கட்டு நொறுங்கிப்போனது. ஓடியவனைத் தெருவில் இருந்தவர்கள் பிடித்துக் கொடுத்தார்கள்.

(அவனுக்கு உருக்கமான பின்கதை ஒன்று எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன். அவன் பேச வேண்டியதைக் குழாயால் பேசிவிட்டான்.)

3

கையில் கட்டோடு அவைக்கு வந்தாள். அவள் பெயரைச் சொல்லித் தீர்மானம் வாசிக்கப்பட்டது. "பொதுவா எழுதுங்க, ஒரு சம்பவத்த மட்டும் ஏன் சொல்லணும்?" என்று எதிர் வரிசை கத்தியது. அந்த வரிசையில் உறுப்பினரான வக்கீல் ஒருவர் தீர்மான நகலைப் புரட்டிக்கொண்டிருந்தார். சில வருடங்களுக்கு முன் இவள் கட்சிக்காரர்கள் அவரை வழிமறித்துக் காலை உடைத்தார்கள். இன்றும் சாய்ந்துதான் நடக்கிறார். அன்று கண்டனம் கேட்டபோது, "குடிச்சிட்டு விழுந்திருப்பாரு" என்று இவள் வரிசையே சிரித்தது.

அவளும் சிரித்தாளா? இங்கே எனக்குப் பேனா நின்றது. சிரித்தாள் என்றே வைத்துக்கொண்டேன். சிரிக்காதவளாக இருந்தால் இனி அவள் செய்யப்போவது சுலபமாகிவிடும்.

கட்சிக் கொறடா அவள் பக்கம் சாய்ந்தார். "நீ பேசாம இரும்மா. இந்தக் கட்டு ஒண்ணு போதும், ஓட்டு கொட்டும்."

அவள் எழுந்தாள்.

"தலைவர் அவர்களே, ஒரு திருத்தம். வக்கீல் சார் காலையும் இதுல சேருங்க. உடைச்சது எங்க ஆளுங்க. அன்னைக்கு நாங்க சிரிச்சோம், நானும்தான். அதையும் சேத்துக் கண்டிச்சா என் பேரு இருக்கட்டும். இல்லன்னா என் பேர எடுத்துடுங்க."

"உக்காரு! அடுத்த தடவ உனக்கு சீட்டு கெடையாது!" என்று கொறடா சீறினார்.

"அத வெளிய பேசிக்கலாம்ண்ணே. இப்ப அவை நடக்குது."

4

[வக்கீல் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக் கண் கலங்கினார்.]

இல்லை. அப்படிப்பட்ட ஆள் இல்லை அவர். மேசையை ஊன்றி மெல்ல எழுந்தார்.

"திருத்தத்த ஆதரிக்கிறேன். இன்னொண்ணு. இந்தம்மாவ அடிச்சவன வெளிய எடுக்கச் சொல்லி எங்க கட்சி என்னத்தான் கேட்டிருக்கு. நான் ஆஜராக மாட்டேன். இதயும் அவைக் குறிப்புல ஏத்திக்குங்க."

அவர் வரிசையில் யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள். அவைத் தலைவர் அதை மட்டும் குறிப்பிலிருந்து நீக்கிவிட்டு, வாக்கெடுப்புக்கு விட்டார். பக்கத்து ஆளைப் பார்த்துப் பார்த்துத்தான் கைகள் உயர்ந்தன. ஆனாலும் உயர்ந்தன. கடைசியாகக் கொறடாவும் தலையைச் சொறிவதுபோல் ஒரு கையைத் தூக்கினார். தீர்மானம் திருத்தத்தோடு நிறைவேறியது.

5

வாசலில் மகள் கைபேசியில் அவை நேரலையைப் பார்த்தபடி காரோடு காத்திருந்தாள்.

"சீட்டு போச்சாம்மா?"

"போச்சுடி."

"அப்போ?"

"தனியா நிப்பேன்."

"தோத்துட்டா?"

"தோத்தா தோத்துட்டுப் போறேன். வண்டிய எடு."

ஜெயித்ததாக ஒரு முடிவு எழுதினேன், கைதட்டல் வாங்குகிற முடிவு. தோற்றதாகவும் ஒன்று எழுதினேன், பெருமூச்சு வாங்குகிறது. இரண்டையும் கிழித்துவிட்டேன். இதை முடிவு செய்ய எழுத்தாளன் யார்? அவள் நிற்கிறாள். நான் என் விரலில் மை வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். வரிசையில் அடுத்து நிற்பது நீங்கள்.