ஜிசிசி என்று சொல்லிக்கொண்ட கம்பைலர்

எரியோடு ஊருக்கு வெளியே விவசாயி பாண்டியராஜின் மோட்டார் ரூமில், லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் சபிஹா. போர்வெல்லில் தண்ணீர் வற்றுவதை மோட்டார் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்து, மோட்டார் எரிந்துபோகுமுன் அதைத் தானே நிறுத்திவிடும் மென்பொருள் ஒன்றை அவளும் தோழி லிடியாவும் எழுதியிருந்தார்கள். தோட்டத்தில் இன்றுதான் முதல் சோதனை. மைக்கைக் கட்டியாயிற்று, ஸ்டார்ட்டருக்கு வயரும் கொடுத்தாயிற்று. ஆனால் ஆபீஸ் லேப்டாப் காலையில் படுத்துவிட்டதால், தன் அண்ணனின் மேக் லேப்டாப்பைக் கேட்டு வாங்கி வந்திருந்தாள். அதில் மென்பொருளைப் புதிதாக பில்ட் செய்தால் பாதியிலேயே நின்றது.

“செத்த நேரத்துல த்ரீ பேஸ் கரண்டு போயிரும் தாயி,” என்றார் பாண்டியராஜ்.

“இந்தா முடிச்சிர்றேண்ணே.”

திண்டுக்கல் ஆபீசில் இருந்த லிடியாவை போனில் பிடித்தாள். “நம்ம ஸ்கிரிப்ட் இங்க ஜிசிசி கம்பைலர் இருக்குங்குது. ஆனா ஜிசிசிக்குன்னே உள்ள ஆப்ஷனக் குடுத்தா, அப்படி ஒண்ணு தெரியாதுங்குது.”

“வெர்ஷன் கேட்டுப் பாரு.”

கேட்டாள். வந்த முதல் வரியைப் பார்த்ததும் சபிஹா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “ஏய், இது கிளாங்டி. பேரு மட்டுந்தான் ஜிசிசி.”

லிடியா சிரித்துவிட்டாள். இரண்டும் நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் வெவ்வேறு கம்பைலர்கள்; ஜிசிசிக்காக எழுதிய நிரல்கள் தன்னிடமும் ஓடவேண்டும் என்று, ‘நீ ஜிசிசியா’ எனக் கேட்டால் கிளாங்கும் ஆமாம் என்றுதான் சொல்லும்.

“தப்பு நம்ம மேலதான். ஜிசிசியான்னு மொதல்ல கேக்குறோம், ரெண்டுமே ஆமாங்குது. கிளாங்கான்னு மொதல்ல கேளு,” என்றாள் லிடியா.

ஸ்கிரிப்ட்டில் அந்த இரண்டு வரிகளைச் சபிஹா மேலும் கீழுமாக மாற்றினாள். விரல் பரபரத்ததில் ஒரு எழுத்து பிசகி, அதையும் திருத்தினாள். திரையில் வரிகள் மளமளவென்று ஓடி முடிந்தன.

“போடுங்கண்ணே.”

மோட்டார் உறுமியது. தக்காளிப் பாத்திக்குத் தண்ணீர் பாய்ந்தது. கொஞ்ச நேரத்தில் குழாய் இருமியது; மோட்டார் சத்தம் மெலிந்து கீச்சென்று கேட்டது. பாண்டியராஜ் சுவிட்சை நோக்கிக் கை நீட்டினார். கை போய்ச் சேருவதற்குள் மோட்டார் நின்றது.

நீட்டிய கையோடு அவர் திரும்பிப் பார்த்தார். “நான் தொடவே இல்லயே.”

“என்னடி ஆச்சு?” என்றது போன்.

சபிஹா போனை வாயருகே கொண்டுபோனாள். “நின்னுருச்சுடி. கரண்டு இருக்கு, தானா நின்னுருச்சு.”

பாண்டியராஜ் அதற்குள் வரப்பில் ஏறிப் பக்கத்துத் தோட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். “ஏலே கருப்புசாமி, மம்பட்டியப் போட்டுட்டு இங்க ஓடி வா.”