விமானம் ஏத்தற நூல்

1

இந்தக் கதைக்கு என்னிடம் இருந்த மூலதனம் ஒரே ஒரு வாக்கியம். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம், கயிறும் வலையும் விற்கும் கடையில் கொசுவலை வாங்க நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி நைலான் நூலை இரு கையாலும் இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "எவ்ளோ பெரிய மீனுக்கும்மா?" என்றார் கடைக்காரர்.

"மீனுக்கு இல்லீங்க. விமானம் ஏத்தறதுக்கு."

சிரிக்காமல் சொன்னார். நூலை வாங்கிக்கொண்டு, வலது காலைத் தாங்கித் தாங்கி நடந்து போய்விட்டார். மற்றதெல்லாம் நானாகக் கட்டியது.

2

முதல் தொடக்கம்: 'துடைத்து வைத்ததுபோல வானம்...' (வேண்டாம். சிமெண்ட் லாரி ஓடுகிற சீமையில் துடைத்த வானம் ஏது?)

இரண்டாவது: 'வளர்மதிக்கு ஓடப் பிடிக்கும்.' இது இருக்கட்டும்.

வளர்மதிக்கு ஓடப் பிடிக்கும். திருச்சியில் கல்லூரியில் படித்தபோது என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தாள். (கடையில் நின்றவருக்கு 'ஆர்' விகுதி. கதைக்குள் வந்ததும் 'ஆள்' ஆகிவிட்டாள். பேர் வைத்த உடனே உரிமையும் வந்துவிடுகிறது.) அங்கே பரணிதரன் என்றொருவன் பால்சா என்கிற இலேசான கட்டையை விலா எலும்புபோலச் சீவி அடுக்கி, மேலே மெல்லிய தாள் ஒட்டி, கிளைடர் என்கிற மாதிரி விமானம் செய்வான். மோட்டார் கிடையாது. வயிற்றில் ஒரு கொக்கி, கொக்கியில் நீள நூல். நூலைப் பிடித்துக்கொண்டு காற்றுக்கு எதிரே யாராவது ஓடினால், பட்டம்போல ஏறும். வளர்மதியைப்போல ஓட அந்த மைதானத்தில் ஆளில்லை. கல்யாணமும் அப்படித்தான் ஆனது.

3

பரணிதரனுக்கு இப்போது அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் வேலை. (தொப்பை போட்டுவிட்டது. 'ர்' போடலாமா? வேண்டாம். அவள் கண்ணுக்கு அவன் இன்னும் 'ன்'தான்.) போன வருடம் இருவரும் அதே பழைய வரைபடத்தை வைத்து, அதே கிளைடரை மறுபடியும் செய்யத் தொடங்கினார்கள். வாலைக் கீழிருந்தே திருப்ப உள்ளே வைத்த ரேடியோ மட்டும் புதுசு. தாள் ஒட்டியது வளர்மதி. மஞ்சள் இறக்கை, சிவப்பு வால். ஒட்டிய தாளில் தண்ணீர் தெளித்தால், காயக் காய மத்தளத் தோலாக இறுகும். விரலால் சுண்டினால் 'டொம்' என்னும். அதைக் கேட்பதற்காக டிவியை அணைத்துவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு அக்கா வீட்டுக்கு ஒரு வாரம் போய்வந்தாள். திரும்பி வந்தபோது கிளைடருக்கு மூக்கு இல்லை. அறுத்த இடத்தில் மோட்டாரும், மடங்குகிற விசிறியும். வயிற்றில் கொக்கி இருந்த இடத்தில் தாள் ஒட்டு.

"மூக்க என்னங்க பண்ணீங்க?"

"மோட்டார் வெச்சிருக்கேன் வளரு. ஒனக்கு முட்டி வலிதான? இனிமே ஓடவே வேணாம். தட்டி வுட்டா தானா ஏறிடும்."

"அப்ப நான் எதுக்குச் சோளக் கொல்லைக்கு வரணும்?"

"பாக்கத்தான்."

"பாக்கறதுக்கு வூட்ல டிவி இருக்கு, பரணி."*

* கல்யாணத்துக்குப் பின் அவனை 'ஏங்க' என்றுதான் கூப்பிடுவாள். பேர் சொன்னால் கோபம் உச்சத்தில் என்று பொருள்.

4

பரணிதரன் கெட்டவன் இல்லை. எனக்குத் தொல்லையே அதுதான். கொடுமைக்காரன் என்றால் எழுதுவது சுலபம். இவனோ அக்கறையால் அவளை வேலையிலிருந்து நீக்கிவிட்டான். அப்படி நீக்குவதற்கு நம்மிடம் மரியாதையான சொல்லும் இருக்கிறது: ஓய்வு.

அவள் அழுதாள் என்று எழுதி, அடித்துவிட்டேன். அவள் கடைக்குப் போய் நூல் வாங்கினாள்.

"கொக்கியத் திருப்பி மாட்டுங்க. மோட்டாரும் இருந்துட்டுப் போவட்டும். ஒரே ஒரு தடவ நான் ஏத்திக் காட்டறேன். முடியலன்னா, நானே பாக்க மட்டும் வரேன்."

5

குன்னத்துக்குப் பக்கத்தில், மக்காச்சோளம் அறுத்த கொல்லை. கொல்லைக்காரர் செல்லக்கண்ணு மூச்சிரைக்க வந்தார்.

"சிமெண்ட் கம்பெனிக்காரங்க சுண்ணாம்புக் கல்லுக்கு எடம் அளக்க வந்துட்டாங்களோன்னு ஓடியாறேன். பாத்தா காத்தாடி! ஏம்மா, அவரு நிக்கிறாரு, நீங்க ஓடப் போறீங்களா?"

"அவருக்கு ஓடத் தெரியாதுங்கண்ணே."

"அது வயித்தப் பாத்தாலே தெரியுது. குடுங்க சார், நான் புடிச்சிக்கறேன்."

செல்லக்கண்ணு கிளைடரை உயர்த்திப் பிடித்துவிட, வளர்மதி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். ஏறியது. மஞ்சள் இறக்கையில் வெயில் ஊடுருவி, உள்ளே விலா எலும்புகள் தெரிந்தன. பனை உயரம். அப்போது அவள் வலது கால் தரையில் சரியாக ஊன்றவில்லை. வேகம் குறைந்தது. கிளைடர் தலையை ஆட்டியது.

பரணிதரனின் கட்டைவிரல் ரிமோட்டில் மோட்டார் குச்சிமேல் இருக்கிறது. ஆனால் தள்ள முடியாது. நூல் மாட்டியிருக்கையில் விசிறி சுழன்றால் இரண்டும் சிக்கும். முதலில் நூல் கழல வேண்டும். நூல் தளர்ந்து கழல அவள் நிற்க வேண்டும். அவளை நிறுத்தக் கல்லூரி மைதானத்தில் அவன் கத்துகிற சொல் ஒன்று உண்டு: "விட்டுடு!" உச்சிக்குப் போன பிறகுதான் கத்துவான். பாதியில் கத்தியதே இல்லை.

6

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அவன் கத்துகிறான். மோட்டார் ஏற்றிவிடுகிறது. பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து... (இதை முடிக்க மனம் வரவில்லை.)

அவன் கத்தவில்லை. ஒரு வருட உழைப்பு சோளக் கட்டைமேல் விழுந்து கிழிகிறது.

திடீரென்று நல்ல காற்று வருகிறது. (அது நான் ஊதும் காற்று. செல்லாது.)

"வளரு!" என்கிறான். அடுத்த சொல் வாயில் இருக்கிறது.

"கத்தாதீங்க! இன்னும் ஏறும்!" என்கிறாள், திரும்பிப் பார்க்காமல்.

அவள் ஓடிக்கொண்டிருக்கிறாள். இதற்குமேல் ஒரு வரி எழுதினாலும் அவளை நிறுத்தியது நான் என்று ஆகிவிடும். நிறுத்தித்தான் ஆக வேண்டுமென்றால், அந்தச் சொல்லை நீங்கள் சொல்லுங்கள்.