ஆறு ஸ்டூல்கள்

இதையெல்லாம் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. நீராவிக் குழாய் வெடித்தது முதலா, ஹோட்டல்காரர் வந்தது முதலா என்று யாராவது கேட்டால் தடுமாறுவேன். அந்தச் சலவை நிலையத்தில் உருளை இஸ்திரி ஓட்டியவன் நான். உருளை சுற்றும் சத்தத்தில் பாதிப் பேச்சு காதில் விழாது. மிச்சத்தைப் பல வருடம் கழித்து அண்ணியே சொன்னார், அதுவும் விட்டுவிட்டு. நடுவில் இருந்த ஓட்டைகளை நான்தான் அடைத்திருக்கிறேன். ஆனால் ஸ்டூல்கள் ஆறு. அதில் சந்தேகமில்லை.

அண்ணி என்று எல்லோருமே கூப்பிட்டோம். உண்மையில் அவர் ஒரே ஒருவருக்குத்தான் அண்ணி, முதலாளியின் தம்பிக்கு. அந்தத் தம்பியின் வாயிலிருந்து அந்தச் சொல் எங்கள் முப்பத்திரண்டு பேருக்கும் ஒட்டிக்கொண்டது. தம்பியை நாங்கள் சின்னவர் என்போம்.

முதலாளி ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அழுக்குத் துணி மூட்டைகளை எடை போடும் தராசுக்குப் பக்கத்தில் சரிந்து விழுந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சின்னவர் அந்தத் தராசைக் கட்டிக்கொண்டு அழுதார். இழுத்துப் பிரிக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள். அண்ணி அழவில்லை. அதுவரை பின்னறையில் கிழிந்த விரிப்புகளைத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர், பதினைந்தாம் நாள் முன்னறைக்கு வந்து கணவரின் நாற்காலியில் உட்கார்ந்தார். வேறு யாரும் உட்காரவில்லை, அதனால்.

பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்டால் கன்னம் வேறு யாருடையதோ போல் ஆகிவிடுமே, அண்ணிக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்ததாம். யாராவது எதையாவது கேட்டால், அந்தக் கேள்வி சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவதுபோல் தாமதமாக வந்து சேரும். பதிலைத் தேடி எடுப்பதற்குள் கேட்டவரே பதிலையும் சொல்லிவிட்டுப் போயிருப்பார்.

குழாய் வெடித்தபோது நாங்கள் எல்லோரும் விழுந்தடித்து ஓடினோம். நான் முதலில் ஓடினேன், மறைப்பானேன். அண்ணி கதவருகே நின்று, கடையில் வாங்க வேண்டிய சாமான்களைச் சொல்வதுபோன்ற குரலில், பின்பக்க வால்வை மூடு, மடிப்பு மேசைப் பெண்களை வெளியே அனுப்பு, கரண்ட்டை நிறுத்து என்றார். மூன்றும் நடந்தன. ஒருவருக்கும் கொப்புளம்கூட இல்லை. என்ன நெஞ்சழுத்தம் என்று தெரு முழுக்கப் பேசிக்கொண்டார்கள். அதைப் பற்றி என்னிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "பயம் வரும்னு காத்துக்கிட்டு இருந்தேன். வரலை."

பிறகு ஹோட்டல்காரர் வந்தார். விரிப்புகள் எல்லாம் விடியற்காலை ஆறு மணிக்குள் வேண்டும் என்றார். அண்ணி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி, ஒன்பது மணி என்றார் ஹோட்டல்காரர். அண்ணி ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அழுக்குத் துணியை எங்கள் வண்டியிலேயே கொண்டுவந்து போட்டுவிடுகிறோம் என்றார் அவர். அதற்கும் பதிலில்லாமல் போகவே, கிழிந்துபோனால் உங்கள் மேல் பழி போட மாட்டோம் என்று தானாகவே எழுதிக் கையெழுத்துப் போட்டு, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு போனார்.

சின்னவர் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து விழாத குறை. "அண்ணி, இன்னும் அஞ்சு நிமிஷம் அப்படியே உக்காந்திருந்தீங்கன்னா அந்த ஆளு நம்ம துணியையும் துவைச்சுக் குடுத்துட்டுப் போயிருப்பாரு."

"என்ன கேட்டார் அவர்?" என்றார் அண்ணி.

சிரிப்பு நின்றது. அண்ணி உட்கார்ந்த இடத்திலிருந்தே எங்கே போய்விட்டு வருகிறார் என்பது அன்றைக்குச் சின்னவருக்குப் புரிந்தது. அது புரிந்த ஒரே ஆள் அவர்தான். மற்றவர்களுக்கு அது நிதானம், பொறுமை, ஆழம். வணிகர் சங்கத்தில் வியாபார வெற்றிக்கான ஆளுமைப் பண்புகள் என்று ஒரு கூட்டம் போட்டு அண்ணியைப் பேச அழைத்தார்கள். மைக்குக்கு முன்னால் அரை நிமிடம் போல நின்றார். அப்புறம், மெஷினில் கொள்ளளவுக்கு மேல் துணி போடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. புதிதாகத் தொழில் தொடங்கியவர்கள் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

உள்ளபடி நிலையத்தை நடத்தியவர் சின்னவர். காலையில் ஒவ்வொரு மெஷினையும் தட்டிப் பார்த்து, ஒவ்வொரு ஆளிடமும் வீட்டு விஷயம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவார். கோபம் வந்தால் கத்துவார், கத்தின ஆளுக்கே பத்து நிமிடத்தில் டீ வாங்கிக் கொடுப்பார். ஒரு வாடிக்கை கைவிட்டுப் போனால் கண் கலங்குவார். அவரை யாரும் எந்தக் கூட்டத்துக்கும் அழைத்ததில்லை.

ஸ்டூல்கள் முதலாளி வாங்கிப் போட்டவை. தலையணை உறை, துண்டு, ஆபரேஷன் அங்கி மாதிரிச் சின்ன உருப்படிகளை மடிக்கும் மேசைக்கு ஆறு. எட்டு மணிநேரம் நின்றால் கால் வீங்கும், உட்கார்ந்து மடித்தால் மடிப்பும் நேராக வரும் என்பது அவர் கணக்கு. மேசைக்கு மூத்தவள் மடிப்பு அக்கா. முழங்கால் போனவள். வலது ஓரத்து ஸ்டூல் அவளுடையது.

அந்த வருடம் இரண்டு ஹோட்டல்கள் மூடிவிட்டன. பெரிய ஆஸ்பத்திரியின் துணி கிடைத்தால் நிலையம் நிற்கும், இல்லையென்றால் ஆளைக் குறைக்க வேண்டும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பார்வையிட அவர்களுடைய கொள்முதல் அதிகாரி வந்தார். உள்ளே நுழைந்ததிலிருந்து மூக்கைப் பொத்திக்கொண்டிருந்ததால் அவருக்கு அன்றே கைக்குட்டை என்று பேர் வைத்துவிட்டோம். மெஷின்களைப் பார்த்தார், திருப்தி. நீராவியைப் பார்த்தார், திருப்தி. மடிப்பு மேசைக்கு வந்ததும் நின்றார். வேலை நேரத்தில் என்ன உட்கார்ந்துகொண்டு என்று சொல்லி, மடிப்பு அக்காவின் ஸ்டூலைக் காலால் தள்ளினார். அவள் எழுந்திருப்பதற்குள் தள்ளினார். அக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை.

சின்னவர் கையில் அப்போதுதான் மெஷினிலிருந்து எடுத்த ஈரத் துண்டு இருந்தது. அது பறந்து போய் அதிகாரியின் தோளில், மடித்துப் போட்டதுபோல் உட்கார்ந்தது. மடிப்பு அக்காதான், பழக்க தோஷத்தில், அதை எடுத்து நாலாக மடித்து மேசையில் வைத்தாள்.

மறுநாள் போன் வந்தது. அண்ணி எடுத்தார். ஒப்பந்தம் உங்களுக்குத்தான், மெஷின்களும் ஆட்களும் எங்களுக்குப் பிடித்திருக்கிறது என்றார் அதிகாரி. ஒரே ஒரு நிபந்தனை, உங்கள் கொழுந்தன் அந்த நிலையத்தில் இருக்கக் கூடாது. என்ன சொல்கிறீர்கள் என்றார்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சின்னவர் தரையில் உட்கார்ந்து, தள்ளிவிடப்பட்ட ஸ்டூலின் காலுக்கு ரப்பர் மூடி மாட்டிக்கொண்டிருந்தார். மூடி சின்னது. நாக்கைக் கடித்துக்கொண்டு அதைத் திருகித் திருகி ஏற்றினார். அவருடைய அண்ணன் ஆணி அடிக்கும்போதும் அப்படித்தான் நாக்கைக் கடிப்பார். அண்ணிக்கு எங்கோ, விலா எலும்புக்குக் கீழே, ஊசி போட்ட மரப்பு விடும்போது முதலில் வருமே, அந்த மாதிரி ஒரு நமைச்சல். முடியாது என்று சொல்ல வேண்டும் என்பது தெரிந்தது. சொல் பல் வரைக்கும் வந்தது.

"புரியுதும்மா," என்றது போன். "நீங்க அதிகம் பேச மாட்டீங்கன்னு எல்லாரும் சொல்லியிருக்காங்க. ரொம்ப நன்றி."

திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். சாப்பிட்டபின் கூப்பிடலாம் என்று நினைத்தார். சாப்பிட்டபின் ஹோட்டல் வண்டி வந்தது. அதற்கு மறுநாள் ஒரு மெஷினின் பெல்ட் அறுந்தது. மூன்றாம் நாள் கடிதம் வந்துவிட்டது. தபாலைப் பிரிப்பது எப்போதும் சின்னவர் வேலை.

அவர் கடிதத்தை மேசையில் வைத்தார். போனில் பேசி ஒப்புக்கொண்டபடி என்று தொடங்கியிருந்தது. அதற்குக் கீழே, விலக வேண்டியவர் என்று சின்னவருடைய பெயர்.

சின்னவர் கத்தவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீங்க ஒப்புக்கிட்டிருக்க மாட்டீங்க. பேசாம இருந்திருப்பீங்க. அது எனக்குத் தெரியும் அண்ணி, மத்தவங்களுக்குத்தான் தெரியாது. அதனால இப்ப நானே கேக்கறேன். நான் இருக்கணுமா, போகணுமா? ஆஸ்பத்திரி வேலை போனாலும் பரவாயில்லைன்னு சொல்லச் சொல்லலை. போன்னு சொன்னாலும் போயிடறேன், கோவமில்லை. ஆனா நீங்க சொல்லணும்."

அண்ணிக்கு எல்லாம் ஒரே நேரத்தில் வந்தது. முப்பத்திரண்டு பேர், தராசு, கடித்த நாக்கு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மடிப்பு அக்கா. இத்தனை நாள் ஒன்றுமே இல்லாத இடத்தில் இவ்வளவும் வந்து நின்றதில் வாசல் அடைத்துக்கொண்டது. அன்றைக்கு அவர் எங்கேயும் போயிருக்கவில்லை. அந்த அறையில்தான் இருந்தார். ஒவ்வொரு சொல்லையும் கேட்டார். என்னிடம் இதைச் சொன்னபோது அதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

பக்கத்தில் பெரிய பிழியும் மெஷின் சுற்ற ஆரம்பித்தது. ஏழு நிமிடம் சுற்றும். சின்னவர் அது ஓய்ந்து நிற்கும்வரை காத்திருந்தார். பிறகு எழுந்து சட்டைப் பையிலிருந்து சாவிக் கொத்தை எடுத்து, சத்தம் வராமல் கடிதத்தின் மேல் வைத்தார்.

வெளியே வந்து என் உருளைக்குப் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்றார். இடது பக்கத் துணிப்பட்டையை மாற்று, தேய்ந்துவிட்டது என்றார். அவ்வளவுதான். ஊருக்குத்தான் போகிறாராக்கும் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை கைக்குட்டை ஒப்பந்தத்தோடு வந்தார். அண்ணியோடு ஒரு சுற்று வந்தவர், மடிப்பு மேசையருகே நின்று, நல்லபடியாகவே சொன்னார், இந்த ஸ்டூல்களை மட்டும் எடுத்துவிடுங்கள், பார்ப்பதற்கு ஒழுங்காக இருக்கும் என்று.

"எடுக்க முடியாது," என்றார் அண்ணி.

எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அதிகாரி ஸ்டூல்களைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார்.

"சரிம்மா, இருக்கட்டும். அதனால என்ன," என்று சொல்லிவிட்டு, அந்த மேசையிலேயே காகிதங்களை விரித்துக் கையெழுத்துப் போட்டார். பேனா மக்கர் செய்தது. அண்ணியிடமே வேறு பேனா வாங்கிக்கொண்டார்.

அவர் போனபின் அண்ணி வெகுநேரம் அங்கேயே நின்றார். பிறகு புது ரப்பர் மூடி போட்ட ஸ்டூலில் உட்கார்ந்தார். மடிப்பு அக்கா, என்ன அண்ணி, தலை சுத்துதா என்று கேட்டாள்.

"சொன்னா கேட்டுக்கறாங்க," என்றார் அண்ணி.

அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆமாம் அண்ணி, சொன்னால்தானே தெரியும் என்று சொல்லிவிட்டு அடுத்த அங்கியை எடுத்தாள். அண்ணியும் ஒன்றை எடுத்து மடித்தார். அன்று முழுக்க மடித்தார். மாலையில் சின்னவரின் எண்ணுக்குக் கூப்பிட்டார். சின்னவர் எடுத்தார். இரண்டு பக்கத்திலும் யாரும் பேசாமல் கொஞ்ச நேரம் ஓடி, லைன் போய்விட்டது. எந்தப் பக்கத்தில் வைத்தார்கள் என்று அண்ணி சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி ஒப்பந்தம் ஒன்பது வருடம் ஓடியது. ஆட்கள் எழுபது பேரானோம், பக்கத்துக் கட்டடத்தையும் வாங்கினோம். கைக்குட்டை பதவி உயர்ந்து, ஓய்வும் பெற்றுவிட்டார். மடிப்பு அக்காவுக்கு அதே ஆஸ்பத்திரியில் முழங்கால் ஆபரேஷன் நடந்தது, நாங்கள் வெளுத்த விரிப்பில்தான் படுத்திருந்தாள். வணிகர் சங்கத்தில் இன்றும் அண்ணியின் அரை நிமிட மௌனத்தைப் பயிற்சி வகுப்பில் சொல்கிறார்கள். எனக்கு மணிக்கட்டு போய்விட்டது, வேலையை விட்டுவிட்டேன். அண்ணி நிலையத்தை விற்றுவிட்டு மாடி வீடு ஒன்றில் தனியாக இருக்கிறார். போனால் பேசுவார். சின்னவர் வேறு ஊரில் மெஷின் பழுதுபார்க்கும் கடை வைத்தார், அது சுமாராக நடந்தது, போன வருடம் அவர் இறந்துபோனார். ஸ்டூல்கள் ஆறும் புது முதலாளியிடம் இருக்கின்றன.